குரோம் பூச்சில் குறையா? தொட்டியில் கெமிக்கல் ஊற்றும் முன் பொருளைப் பாருங்கள்



புதிதாக மாட்டிய குழாயில் ஆறே மாதத்தில் புள்ளி புள்ளியாகப் பச்சை பூக்கிறது. சைக்கிள் ஹேண்டில்பாரில் வெள்ளித் தோல் போல ஒன்று உரிந்து விரலைக் கிழிக்கிறது. பைக் கண்ணாடியைத் தாங்கும் தண்டில் பழுப்பும் நீலமுமாக ஒரு கறை, எவ்வளவு துடைத்தாலும் போகவில்லை. வாங்கியவர் கடைக்காரரைக் கேட்கிறார், கடைக்காரர் தயாரிப்பாளரைக் கேட்கிறார். கடைசியில் சரக்கு திரும்பி வந்து இறங்கும் இடம், தொழிற்பேட்டையின் பின்வரிசையில் ஐந்தாறு பேர் வேலை செய்யும் ஒரு பிளேட்டிங் பட்டறை.

அங்கே பெரும்பாலும் முதலில் கேட்கும் குரல் இதுதான்: "பாத்துல ஏதோ கோளாறு. கொஞ்சம் ஆசிட் விட்டுப் பாரு." அது சரிவரவில்லை என்றால், "பிரைட்னர் கம்மியா இருக்கும், ஒரு லிட்டர் ஊத்து." இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பழைய குறையோடு புதிய குறை ஒன்றும் சேர்ந்திருக்கும். எதனால் எது வந்தது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

நிக்கல்-குரோம் பூச்சில் அடிக்கடி வரும் குறைகளை எப்படி அடையாளம் காண்பது, எந்த வரிசையில் சோதிப்பது, எதற்கு யாரை அணுகலாம் என்பதைப் பட்டறை நடத்துபவர்களுக்கும் அங்கே வேலை செய்பவர்களுக்கும் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். வீட்டில் குரோம் பொருள் வைத்திருப்பவர்களுக்கும் இறுதியில் சில குறிப்புகள் உண்டு.

குரோம் என்பது மேல் தோல் மட்டுமே

அலங்காரக் குரோம் பூச்சில் குரோமியப் படலத்தின் கனம் பொதுவாக 0.25 முதல் 0.5 மைக்ரான் வரைதான். நம் தலைமுடியின் கனத்தில் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதன் கீழே 10 முதல் 30 மைக்ரான் வரை நிக்கல் இருக்கும். அதற்கும் கீழே சில பொருட்களில் செம்புப் படலம் இருக்கும். பளபளப்பைத் தருவது நிக்கலும் அதற்கு முன் செய்த பாலிஷும்தான். குரோமின் வேலை அந்தப் பளபளப்பு மங்காமலும் கீறல் விழாமலும் காப்பதும், இலேசான நீல நிறத்தைத் தருவதும் ஆகும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் புரியும். இவ்வளவு மெல்லிய படலம் கீழே இருக்கும் எந்தக் குறையையும் மறைக்காது, கண்ணாடி போல வெளியே காட்டிக்கொடுக்கும். குரோம் தொட்டியிலிருந்து எடுக்கும்போதுதான் குறை கண்ணில் படுகிறது. அதனால் பழி குரோம் தொட்டி மேல் விழுகிறது. ஆனால் உரிதல், ஊசித்துளை, சொரசொரப்பு, கொப்புளம், துரு ஆகிய எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் காரணம் அதற்கு முந்தைய படிகளில்தான் இருக்கும்: பாலிஷ், கழுவுதல், ஆசிட் முக்கு, நிக்கல். குரோம் தொட்டிக்கே உரிய குறைகள் என்றால் ஓரக் கருகல், பள்ளத்தில் ஏறாமை, வானவில் கறை போன்ற சிலவே.

எனவே முதல் சோதனை செலவே இல்லாதது. நிக்கல் முடிந்து வெளியே வரும் பொருளை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். குறை அங்கேயே இருந்தால் குரோம் தொட்டியைத் தொடவே வேண்டாம்.

குறை எங்கே இருக்கிறது, எந்த வடிவில் இருக்கிறது

குறையுள்ள பத்துப் பொருட்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே இடத்திலா, இடம் மாறி மாறியா? ரேக்கில் மேல் வரிசையிலா, கீழ் வரிசையிலா? ஓரத்திலா, பள்ளத்திலா? மேல்நோக்கிய முகத்தில் மட்டுமா? ஒரே ரேக்கில் மாட்டியவை மட்டுமா? இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

உதாரணமாக, குறை ஒரு குறிப்பிட்ட ரேக்கில் மட்டும் வருகிறது என்றால் கோளாறு கரைசலில் இல்லை. கொக்கியின் முனை தேய்ந்து கரண்ட் சரியாகப் போகாமல் இருக்கலாம். ரேக்கின் பிளாஸ்டிக் உறை வெடித்து, அந்த வெடிப்புக்குள் ஒரு தொட்டியின் கரைசல் தங்கி அடுத்த தொட்டியில் கசியலாம்.

1. உரிந்து வருதல்

உரிந்த துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உரிந்த இடத்தின் அடியில் என்ன நிறம் தெரிகிறது என்று பாருங்கள். இலேசான மஞ்சள் சாயல் கொண்ட பளபளப்பு தெரிந்தால் அது நிக்கல். அப்படியானால் நிக்கலுக்கும் அதன் மேல் உள்ள படலத்துக்கும் இடையில் பிடிப்பு இல்லை. இரும்போ பித்தளையோ வெறுமையாகத் தெரிந்தால், அடிப்பொருளிலேயே நிக்கல் பிடிக்கவில்லை.

அடிப்பொருளில் பிடிக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் கழுவுதல்தான். பாலிஷ் மெழுகோ எண்ணெயோ போகவில்லை, அல்லது ஆசிட் முக்கு வலுவிழந்துவிட்டது. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கழுவி, ஆசிட்டில் முக்கி, அலசிய பொருளைத் தூக்கிப் பிடியுங்கள். தண்ணீர் முழு முகத்திலும் ஒரே போர்வையாக அரை நிமிடம் நின்றால் சுத்தம். இலை மேல் விழுந்த நீர் போல முத்து முத்தாகப் பிரிந்தால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. அந்தப் பொருளை நிக்கலில் இறக்கக் கூடாது.

நிக்கலுக்கு மேலே உரிகிறது என்றால் நிக்கல் 'செத்துப்போச்சு' என்று பொருள். நிக்கல் காற்றுப் பட்டால் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலத்தை உடனே போர்த்திக்கொள்ளும். நிக்கல் முடித்துச் சாப்பிடப் போய்விட்டு வந்து குரோமில் இறக்கினால் இந்தக் குறை வரும். நிக்கல் ஓடும்போது இடையில் மின்தடை வந்து, கரண்ட் திரும்பியதும் அப்படியே தொடர்ந்தாலும் வரும். அப்படிப்பட்ட சரக்கை வெளியே எடுத்து அலசி, 5 முதல் 10 சதவீத நீர்த்த சல்ப்யூரிக் ஆசிட்டில் முக்கி, மீண்டும் அலசி, பிறகே தொடர வேண்டும்.

பலரும் சந்தேகப்படாத இன்னொரு காரணமும் உண்டு. அது நிக்கல் தொட்டிக்குள் குரோமிக் ஆசிட் கலந்துவிடுவது. பத்து லட்சத்தில் சில பங்கு கலந்தாலே போதும், நிக்கல் கறுக்கும், பிடிப்பு இழக்கும், சில இடங்களில் ஏறாமலே போகும். இது பெரும்பாலும் மேலே சொன்ன வெடித்த ரேக் உறை வழியாகத்தான் நுழைகிறது. ஆசிட்டும் பிரைட்னரும் ஊற்றி இதைச் சரிசெய்ய முடியாது. முதலில் ரேக்கைப் பழுது பார்க்க வேண்டும்.

பிடிப்பைச் சோதிக்க, இரும்பின் மேல் பூசிய மாதிரி ஒன்றை அடுப்பில் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி உடனே தண்ணீரில் போடுவார்கள். கொப்புளமோ உரிதலோ இல்லையென்றால் பிடிப்பு நன்று. செம்பு, பித்தளைக்கு 250 டிகிரி, துத்தநாக வார்ப்புக்கு 150 டிகிரி போதும்.

2. பால் கலந்தது போன்ற மங்கல்

பளபளப்பின் மேல் மூச்சு விட்டது போல ஒரு வெண்மை படர்ந்திருந்தால் நான்கு காரணங்களைப் பாருங்கள்.

முதலாவது, நிக்கலில் பிரைட்னர் அதிகம். "பளபளப்பு பத்தல" என்று நாளுக்கு ஒரு குவளை ஊற்றிய தொட்டிகளில் இது சகஜம். பிரைட்னர் மிஞ்சினால் நிக்கல் உடையும் தன்மை பெறும், குரோமும் சீராக ஏறாது. கார்பன் வைத்து வடிகட்டுவதே வழி.

இரண்டாவது, குரோம் தொட்டியின் சூடு கூடிவிட்டது, ஆனால் கரண்ட் அதற்கேற்ப இல்லை. அலங்காரக் குரோமுக்கு 38 முதல் 45 டிகிரி செல்சியஸ் சூடும், ஒரு சதுர டெசிமீட்டருக்கு 10 முதல் 20 ஆம்பியர் கரண்டும் வழக்கமான எல்லைகள். சூடும் கரண்டும் ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள் போல. ஒன்றை மட்டும் விரட்டினால் வண்டி சாயும்.

மூன்றாவது, ரெக்டிபையர். மூன்று பேஸில் ஒன்று விழுந்தாலோ, உள்ளே ஒரு டயோடு எரிந்தாலோ மீட்டரில் ஆம்பியர் சரியாகவே காட்டும். ஆனால் வெளியே வரும் கரண்ட் துடிப்பு துடிப்பாக இருக்கும். குரோமுக்கு இந்தத் துடிப்பு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. கரைசலில் எந்தக் குறையும் தெரியாமல் திடீரென ஒரு நாள் எல்லாச் சரக்கும் மங்கினால், கெமிக்கல் கடைக்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

நான்காவது, ஏற்கனவே குரோமைக் கழற்றி மறுபடி போடும் சரக்கு. காஸ்டிக்கில் கரண்ட் வைத்துக் குரோமைக் கழற்றினால் கீழே உள்ள நிக்கல் செத்திருக்கும். அதை உயிர்ப்பிக்காமல் குரோம் போட்டால் மங்கல் நிச்சயம். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் கழற்றினால் வேறு ஆபத்து உண்டு. சரியாக அலசாவிட்டால் குளோரைடு குரோம் தொட்டிக்குள் போய்ச் சேரும். பூச்சு சாம்பல் நிறமாகும், ஈய ஆனோடு அரிக்கும். ஆனோடில் கொஞ்சம் கொஞ்சமாகக் குளோரினாக்கி வெளியேற்றலாம், அல்லது விலை உயர்ந்த வெள்ளி உப்புகளைப் போட்டு நீக்கலாம். உள்ளே விடாமல் இருப்பதே சுலபம்.

3. ஓரத்தில் கருகல்

பொருளின் மூலையிலும் முனையிலும் சாம்பல் பூசியது போலச் சொரசொரவென இருந்தால், "எரிஞ்சு போச்சு" என்று பட்டறையில் சொல்வார்கள். கரண்ட் கூர்மையான இடங்களில்தான் குவியும். கரண்ட் அதிகமாக இருக்கலாம், அல்லது காலையில் தொட்டி சூடாகும் முன் வேலையைத் தொடங்கியிருக்கலாம். ஆனோடுக்கு மிக அருகில் மாட்டியிருந்தாலும் கருகும். ரேக்கின் ஓரத்தில் ஒரு கம்பியைச் சேர்த்துக் கட்டினால் கூடுதல் கரண்டை அது வாங்கிக்கொள்ளும், பொருள் தப்பிக்கும்.

தெர்மாமீட்டரைத் தொட்டியின் ஒரே மூலையில் வைத்துப் பார்க்காதீர்கள். ஹீட்டர் இருக்கும் பக்கம் 43 காட்டும்போது எதிர்ப்பக்கம் 36 இருக்கலாம். காற்று விட்டோ துடுப்பால் கலக்கியோ சூட்டைச் சமன்படுத்த வேண்டும்.

4. பள்ளத்தில் ஏறாமை, வானவில் கறை

குரோம் கரைசல் பள்ளத்துக்குள் பாய்வதில் பலவீனமானது. பள்ளத்தில் நீலச் சாயலுக்குப் பதில் மஞ்சள் சாயல் தெரிந்தால் அங்கே நிக்கல் மட்டுமே இருக்கிறது என்று பொருள்.

இங்கேதான் கரைசலின் அளவுகள் முக்கியம். வழக்கமான குரோம் தொட்டியில் லிட்டருக்கு 250 கிராம் குரோமிக் ஆசிட்டும் 2.5 கிராம் சல்பேட்டும் இருக்கும். நூற்றுக்கு ஒன்று என்ற இந்த விகிதமே உயிர்நாடி. சல்பேட் கூடினால் பூச்சு பளிச்சென்று இருக்கும், ஆனால் பள்ளத்தில் ஏறாது. சல்பேட் குறைந்தால் பழுப்பும் வானவில்லுமாகக் கறை படியும். "கொஞ்சம் ஆசிட் விட்டுப் பாரு" என்பது ஏன் ஆபத்து என்று இப்போது தெரியும். பள்ளத்தில் ஏறாததற்குச் சல்பேட் மிகுதி காரணமாக இருந்தால், ஊற்றிய சல்ப்யூரிக் ஆசிட் குறையை இன்னும் பெரிதாக்கும்.

மிஞ்சிய சல்பேட்டைப் பேரியம் கார்பனேட் சேர்த்து வீழ்படிவாக்கலாம். லிட்டரில் 1 கிராம் சல்பேட்டைக் குறைக்க ஏறத்தாழ 2 கிராம் பேரியம் கார்பனேட் வேண்டும். அளந்து பார்க்காமல் போடக் கூடாது. அது நச்சுப் பொருள், கையாளும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

குரோமிக் ஆசிட்டின் அளவைப் போமே மானியால் பார்ப்பது வழக்கம். புதிய கரைசலில் ஏறத்தாழ 21 டிகிரி காட்டினால் 250 கிராம் என்று கொள்ளலாம். பழைய தொட்டியில் இரும்பும் செம்பும் மூவிணைக் குரோமியமும் கரைந்திருப்பதால் மானி உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். அதனால் மாதம் ஒரு முறையாவது ஆய்வகத்தில் சோதிப்பது நல்லது.

ஆனோடையும் பார்க்க மறக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் விடுமுறையில் சும்மா இருந்த ஈய ஆனோடின் மேல் மஞ்சள் நிற ஈயக் குரோமேட் படியும். அது கரண்டைத் தடுக்கும். கம்பி பிரஷால் தண்ணீருக்குள் வைத்தே தேய்த்துக் கழுவுங்கள், உலர்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூசு நுரையீரலுக்குள் போகும். ஆனோடுகளின் மொத்தப் பரப்பு, பூசும் பொருளின் பரப்பைப் போல இரு மடங்கு இருந்தால் மூவிணைக் குரோமியம் மிஞ்சாமல் தொட்டி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

5. ஊசித்துளையும் சொரசொரப்பும்

ஊசி குத்தியது போன்ற துளைகள் தெரிந்தால் ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். துளைக்கு மேல் வால் போல ஒரு கோடு நீண்டிருந்தால், நிக்கல் தொட்டியில் ஹைட்ரஜன் குமிழ் அங்கே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. ஈரமாக்கி குறைந்திருக்கலாம், அல்லது எண்ணெய் கலந்திருக்கலாம். துளை ஒழுங்கில்லாமல் ஆழமாக இருந்தால் வார்ப்பிலேயே இருந்த ஓட்டை அது. அதற்குப் பிளேட்டிங்கில் மருந்து இல்லை. சரக்கு கொடுத்தவரிடம் பூசும் முன்பே காட்டிப் பேசிவிட வேண்டும்.

மணல் தூவியது போன்ற சொரசொரப்பு மேல்நோக்கிய முகத்தில் மட்டும் இருந்தால், நிக்கல் தொட்டியில் மிதக்கும் தூசு அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஆனோடுப் பை கிழிந்திருக்கிறதா, பில்டர் ஓடுகிறதா என்று பாருங்கள். எல்லா முகத்திலும் இருந்தால் பொருளோடு வந்த அழுக்கு. இரும்புப் பொருள் காந்தம் ஏறியிருந்தால் நுண்ணிய இரும்புத் தூளை இழுத்து வைத்துக்கொள்ளும்.

6. துரு

குரோம் பூச்சில் இயல்பாகவே நுண்ணிய வெடிப்புகள் உண்டு. எனவே துருவைத் தடுக்கும் பொறுப்பு நிக்கலின் கனத்துக்கே. துத்தநாகம் பூசிய இரும்பில் துத்தநாகம் தான் அரிந்து இரும்பைக் காக்கும். நிக்கல் அப்படியல்ல. ஒரு துளை விழுந்தால் இரும்புதான் அரிக்கும், அதுவும் வேகமாக. விலை குறைக்கச் சொல்லி நெருக்கும்போது பட்டறைகள் முதலில் குறைப்பது நிக்கலில் விடும் நேரத்தைத்தான். பொருள் பளபளப்பாகத்தான் போகும், மழைக்காலம் முடிந்து திரும்பி வரும். எந்தச் சூழலுக்கு எவ்வளவு கனம் என்பதற்கு ஐ.எஸ். 1068 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. ஆர்டர் எடுக்கும்போதே கனத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு குவளையில் முழுத் தொட்டி

தொட்டியில் எதையும் சேர்க்கும் முன் அதை ஒரு குவளையில் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. அதற்குப் பெயர் ஹல் செல். 267 மில்லி கரைசல் பிடிக்கும் சாய்ந்த வடிவச் சிறு தொட்டி அது. நிக்கல் பூசிய ஒரு தகட்டை அதில் சாய்வாக வைத்து, 43 டிகிரி சூட்டில், 5 ஆம்பியரில் 3 நிமிடம் ஓட்டினால், அதிகக் கரண்டிலிருந்து குறைந்த கரண்ட் வரை பூச்சு எப்படி இருக்கும் என்று ஒரே தகட்டில் தெரியும். ஒரு முனை கருகல், நடுவே பளபளப்பு, மறுமுனை ஏறாத இடம். எதைச் சேர்க்க நினைக்கிறீர்களோ அதை இந்தச் சிறு தொட்டியில் சொட்டுக் கணக்கில் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். சரியானால் பெரிய தொட்டியில் அதே விகிதத்தில் சேருங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் மட்டும் செய்யுங்கள். என்ன சேர்த்தோம், எவ்வளவு, என்ன ஆயிற்று என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். ஆள் மாறினாலும் அந்த நோட்டு மாறாது.

ஒவ்வொரு திரும்பிய சரக்குக்கும் இரட்டை விலை

திரும்பி வந்த பொருளைக் கழற்றி, மறுபடி பூசும்போது பணம் மட்டும் போவதில்லை. தொட்டியில் இருப்பது அறுவிணைக் குரோமியம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. குரோம் தொட்டியில் போகும் கரண்டில் பூச்சாக மாறுவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதியில் பெரும்பகுதி ஹைட்ரஜன் குமிழ்களாக வெடித்து ஆசிட் சாரலைக் கிளப்புகிறது. பக்கத்தில் நிற்பவரின் மூக்கின் நடுத்தண்டில் புண் வந்து, வலியே தெரியாமல் துளை விழும். கையில் சிறு கீறல் இருந்தால் ஆறாத குழிப்புண்ணாகும். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் குரோமியப் புண் இடம்பெற்றது.

துணி மாஸ்க் இந்தச் சாரலைத் தடுக்காது. தொட்டியின் விளிம்பிலேயே காற்றை உறிஞ்சும் அமைப்பு வேண்டும், சாரலைக் குறைக்கும் திரவம் வேண்டும், முழங்கை வரை ரப்பர் கையுறை வேண்டும். "இருபது வருஷமா பாக்கறேன், ஒண்ணும் ஆகல" என்று சொல்பவரின் மூக்கை ஒரு தடவை டாக்டர் பார்க்கட்டும். குரோமிக் ஆசிட்டை ஆசிட்டோன், ஸ்பிரிட், எண்ணெய்த் துணி ஆகியவற்றின் பக்கத்தில் வைத்தால் தானாகத் தீப்பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தண்ணீர்க் கணக்கும் ஒன்று உண்டு. சொட்டச் சொட்ட எடுத்த சரக்கோடு 1 லிட்டர் குரோம் கரைசல் சாக்கடைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறத்தாழ 130 கிராம் அறுவிணைக் குரோமியம் இருக்கிறது. நீர்நிலையில் விட அனுமதிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். அந்த 1 லிட்டரை அந்த அளவுக்குக் கரைக்க 13 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் நூற்றுக்கும் மேல். குடிநீருக்கான வரம்பு இதிலும் பாதி. ராணிப்பேட்டையில் குரோமேட் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகும், அது விட்டுச்சென்ற கழிவுக் குவியல் நிலத்தடி நீரை எப்படிக் கெடுத்தது என்பதை நம் மாநிலம் கண்கூடாகப் பார்த்திருக்கிறது.

தப்ப எளிய வழிகள் உள்ளன. பொருளைத் தொட்டிக்கு மேலேயே 15, 20 விநாடி பிடித்து வடியவிடுங்கள். முதல் அலசலை ஓடும் தண்ணீரில் செய்யாமல் தேங்கிய தொட்டியில் செய்து, அந்தத் தண்ணீரை ஆவியான அளவுக்குக் குரோம் தொட்டிக்கே திருப்புங்கள். மீதிக் கழிவுநீரில் பி.எச். அளவை 2 முதல் 3-க்குக் கொண்டுவந்து சோடியம் மெட்டாபைசல்பைட் சேர்த்தால் மஞ்சள் நிறம் பச்சையாகும். அறுவிணை மூவிணையாகிவிட்டது என்பதன் அடையாளம் அது. பிறகு சுண்ணாம்பு சேர்த்து பி.எச். அளவை 8 முதல் 9-க்கு உயர்த்தினால் குரோமியம் சேறாகப் படியும். அந்தச் சேறு அபாயகரக் கழிவு. குப்பையில் கொட்டக் கூடாது, அங்கீகரிக்கப்பட்ட மையத்துக்கே அனுப்ப வேண்டும். கும்மிடிப்பூண்டியில் அத்தகைய மையம் இருக்கிறது.

எதற்கு யாரை அணுகலாம்?

• மின்முலாம் பூசும் தொழில் சிவப்பு வகையில் வருகிறது. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இன்றி நடத்தக் கூடாது. நீர்ச் சட்டம் 1974, காற்றுச் சட்டம் 1981 ஆகியவற்றின் கீழ் தேவையான இசைவாணைக்கு வாரியத்தின் இணையதளம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். கழிவைக் கையாள 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி தனி அங்கீகாரமும் வேண்டும்.

• உத்யம் பதிவு இலவசம், ஆதார் எண்ணோடு பான் எண்ணும் வேண்டும். இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டாம். கடன், மானியம் பற்றி உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

• தொழில்நுட்பக் கோளாறு புரியவில்லை என்றால், 1953 முதல் காரைக்குடியில் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னை கிண்டியில் குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் சோதனை மையம் உண்டு.

• புதிய தொட்டி போட நினைப்பவர்கள் மூவிணைக் குரோம் முறையைப் பற்றியும் விசாரியுங்கள். நிறம் சற்றே மாறும், தொட்டியை இன்னும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். ஆனால் ஆளுக்கும் தண்ணீருக்கும் ஆபத்து பெரிதும் குறைவு.

வீட்டில் குரோம் குழாய் இருப்பவர்களுக்கு

போர் தண்ணீரால் குழாயில் படியும் வெள்ளை, பூச்சின் குறை அல்ல. அது உப்புப் படிவு. நீர்த்த வினிகரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே தண்ணீரில் கழுவினால் போகும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை மட்டும் குழாய் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், பட்டறையில் குரோமைக் கழற்றப் பயன்படுத்தும் அதே ஆசிட். ஒரே துடைப்பில் குரோம் கரைந்து, மஞ்சளாக நிக்கல் தெரியும். கம்பி நாரும் வேண்டாம்.

உத்தரவாதக் காலத்துக்குள் தானாக உரிந்தாலோ கொப்புளித்தாலோ பில்லோடு கடையை அணுகுங்கள். தீர்வு கிடைக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், உரிந்த துண்டையும் ஒரு காகிதத்தில் மடித்து வையுங்கள். கோளாறு எந்தப் படலத்தில் என்று கண்டுபிடிக்கப் பட்டறைக்காரருக்கு அது உதவும்.

பட்டறை நண்பர்களே, அடுத்த முறை சரக்கு திரும்பி வந்தால் குடுவையைத் தேடும் கையைக் கொஞ்சம் நிறுத்தி, பத்துப் பொருட்களை வெயிலில் வரிசையாக வைத்துப் பாருங்கள். அதற்குக் கால் மணி நேரம் போதும். ஒரு ரேக் சரக்கைக் கழற்றாமல் தப்பித்தால் அந்த நாளின் கூலி மிச்சம், தொட்டியருகே நிற்பவர் மூச்சில் சாரல் குறைவு, பக்கத்துத் தெருக் கிணற்றுக்கும் நல்லது.